மோட்டாரை நிறுத்தினால் உளறும் டிஸ்பிளே

மொட்டை மாடித் தொட்டிக்கு நீர்மட்டம் காட்டும் கருவி செய்யப்போகிறாராம் நண்பர். ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை கையில் இருக்கிறது, வரிக்குப் பதினாறு எழுத்தாக இரண்டு வரி காட்டும் 16×2 எல்சிடி திரையை, ஒயர்களைக் குறைக்கும் ஐ2சி பலகை பின்னால் ஒட்டியதாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். கொளத்தூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில், அப்படி ஒன்று சில வருடங்களாகத் தொங்குகிறது. அதனால் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. பொறுமை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

மோட்டார் ஓடும்வரை ஒரு குறையும் இல்லை. சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏறி, நிறுத்துவதற்காக சுவிட்சைத் தட்டும் நொடியில்தான் வினை. '75%' இருந்த இடத்தில் ஆங்கிலச் சின்ன எஸ்ஸும் பெரிய ஆரும் நிற்கும். 'லெவல்' என்று ஆங்கிலத்தில் எழுதிய இடத்தில் ஏதோ ஜப்பானிய எழுத்து முளைத்திருக்கும். அம்மா அதை ஒரு பார்வை பார்ப்பார், பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கே ஏறித் தொட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வருவார். அவர் படி ஏறக்கூடாது என்றுதான் இதைச் செய்ததே.

எரிச்சல் என்னவென்றால், ஆர்டுயினோவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது சரியான கணக்கைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு எழுத்தும் நான்கு நான்கு பிட்டாக, இரண்டு பாதிகளாகத் திரைக்குப் போகிறது. சுவிட்சில் தெறிக்கும் பொறியின் மின் இரைச்சலைத் திரை இன்னொரு பாதி என்று எண்ணிக்கொள்கிறது. அதன்பின் ஒவ்வொரு பாதியும் பக்கத்து எழுத்தின் பாதியோடு ஜோடி சேர்கிறது. பதினாறடிமானத்தில் (ஓர் இலக்கம் ஒரு பாதி) 7-இன் குறியீடு 37, 5-இன் குறியீடு 35, சதவீதக் குறிக்கு 25. ஓர் இடம் தள்ளிப் படித்தால் நடுவில் வருவது 73, 52. அதாவது எஸ், ஆர். கணக்குத் தப்பாமல் உளறுகிறது! ஜப்பானிய எழுத்துக்கும் காரணம் இருக்கிறது: இந்தத் திரைகளின் மூலச் சில்லு ஹிட்டாச்சியின் எச்டி44780. அதன் எழுத்துருவில் கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்துகளும் உண்டு.

திரையைத் திரும்பத் தொடக்கநிலைக்குக் கொண்டுவரும் கட்டளையை அவ்வப்போது அனுப்பினால் தெளிந்துவிடுகிறது. அதையும் செய்தேன், சுவிட்சுக்குக் குறுக்கே பொறியை அடக்கும் ஸ்னப்பரும் போட்டேன். உளறல் குறைந்தது, ஒழிந்தபாடில்லை.

நியாயமாகப் பேச வேண்டுமானால் பேசலாம். நான்கே ஒயர். பின்விளக்கு இன்னும் மங்கவில்லை, கண்ணாடி போடாமலே அம்மாவால் படிக்க முடிகிறது. மாற்றாகச் சொல்லப்படும் 0.96 அங்குல ஓஎல்இடி திரையில் அது நடக்காது. அதோடு, ஒரே எழுத்தை நாள் முழுவதும் காட்டினால் ஓஎல்இடியின் அந்தப் புள்ளிகள் காலப்போக்கில் மங்கும். எல்லாவற்றையும்விட, எல்சிடியில் நாமே வரைந்துகொள்ள எட்டு எழுத்துகளுக்கு இடம் இருக்கிறது. ஐந்துக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் 'பாதி' என்று தமிழில் எழுதினேன். 'ப' அந்தக் கட்டத்துக்காகவே பிறந்ததுபோல் மூன்று கோட்டில் உட்கார்ந்தது. 'தி' மல்லுக்கட்டியது, சுழியும் கொக்கியும் அடங்காமல் இரண்டு கட்டங்களைப் பிடித்துக்கொண்டது. தொட்டி பாதியாகும்போதெல்லாம் அது தெரியும், எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இருந்தாலும் வாங்காதீர்கள். நேற்றுக் கேட்டிருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேன். இன்று காலை அம்மா மறுபடி மாடி ஏறினார்.

ஏற்கெனவே சென்னையின் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிட்டீர்கள் என்றால், பணம் கொடுக்கும் முன் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஐ2சி பலகையின் சில்லில் பிசிஎஃப்8574டி என்றிருந்தால், ஆர்டுயினோ நிரலில் திரைக்குக் கொடுக்க வேண்டிய முகவரி பெரும்பாலும் பதினாறடிமானத்தில் 27, ஏடி என்று முடிந்தால் 3எஃப். வீட்டுக்கு வந்து மின்சாரம் கொடுத்ததும் வெறும் கட்டங்கள் தெரிந்தாலோ ஒன்றுமே தெரியாவிட்டாலோ, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் முதலில் ஐ2சி பலகையில் இருக்கும் நீலப் பெட்டியின் திருகை, எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதை, திருப்பிப் பாருங்கள்.