வடஇந்தியாவைக் குறைந்த காசில் சுற்ற: ஹாஸ்டலா, சராயா?

முதுகில் பையை மாட்டிக்கொண்டு வடக்கே கிளம்பினால், இரவு தங்க இரண்டு வழி. ஒன்று, போனில் புக் செய்யும் ஹாஸ்டல். இன்னொன்று, குருத்வாரா சராய் (சீக்கியர் கோவிலை ஒட்டிய தங்குமிடம்), தர்மசாலை, ஆசிரமம், சத்திரம் வகையறா. இரண்டிலும் மாறி மாறித் தங்கிவிட்டு, இப்போது நான் முதலில் விசாரிப்பது சராயைத்தான்.

ஹாஸ்டலைப் பற்றி விளக்கவே வேண்டாம். 2013-இல் சோஸ்டல் என்ற ஹாஸ்டல் நிறுவனம் ஆரம்பித்ததிலிருந்து ஊருக்கு ஊர் முளைத்துவிட்டன. டார்மில், அதாவது பலர் சேர்ந்து தங்கும் அறையில், ஒரு படுக்கை சீசனைப் பொறுத்து 400 முதல் 800 ரூபாய். லாக்கர், வைஃபை, பேச்சுத்துணை எல்லாம் உண்டு. சராயில் இவற்றை எதிர்பார்க்காதீர்கள். அமிர்தசரஸில் அறை கிடைக்காதவர்கள் பொற்கோவிலின் குரு ராம்தாஸ் சராய் முற்றத்திலேயே போர்வை விரித்துப் படுத்துவிடுவார்கள். தலையை மூட வேண்டும், பீடி சிகரெட் மூச்சே விடக்கூடாது, மூன்று நாளுக்கு மேல் பொதுவாகத் தங்க விடமாட்டார்கள்.

அப்புறம் ஏன் சராய்? சாப்பாட்டுக்காக. பட்ஜெட் பயணத்தில் எல்லாரும் படுக்கைக்குத்தான் விலை பார்க்கிறார்கள். காசு கரைவது வயிற்று வழியாக. 500 ரூபாய் டார்மில் படுத்தவன் காலையில் அங்கேயே பராத்தாவும் டீயும், மதியம் ஒரு தாலி, இரவு மொட்டைமாடி கஃபேயில் ஏதோ ஒரு பாஸ்தா என்று போனால், சாப்பாட்டுச் செலவு படுக்கை வாடகையைத் தாண்டிவிடும்.

குருத்வாராவில் லங்கர் உண்டு, எல்லாருக்கும் இலவசப் பந்தி; பொற்கோவில் லங்கர் இரவு பகல் நிற்பதே இல்லை. வாசலில் தட்டு, கிண்ணம், ஸ்பூன் வாங்கி, நீளப் பாயில் வரிசையாக உட்கார வேண்டும். "பர்ஷாதா ஜி" என்று ரொட்டிக் கூடையோடு வருவார்கள். இரண்டு கையையும் ஏந்தினால்தான் ரொட்டி விழும். தால், சப்ஜி, சில நாள் கீர். எழுந்ததும் ஈரத்துணியால் தரையைத் துடைத்து அடுத்த வரிசையை உட்கார்த்துவார்கள். காசு கேட்க மாட்டார்கள். உண்டியலில் முடிந்ததைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பூண்டு உரித்துக் கொடுத்தால் நமக்கே சாப்பிட்டது செரிக்கும். டெல்லியின் பங்களா சாஹிப் குருத்வாராவிலும் இதே முறைதான். இமாச்சலத்தின் மணிகரண் குருத்வாராவில் வெந்நீர் ஊற்றிலேயே அரிசிப் பானையை இறக்கி வேகவைக்கிறார்கள்.

ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு லங்கரில் சாப்பிடலாமே என்பீர்கள். தாராளமாக. ஆனால் நாளெல்லாம் அலைந்துவிட்டு ராத்திரி ஆட்டோ பிடித்து யார் போகிறார்கள்? கீழேயே இருக்கும் கஃபேயில்தான் ஆர்டர் போகும்.

சராய் என்றால் எல்லாம் ஒன்றல்ல. தர்மசாலைகளில் பல இடங்களில் சாப்பாடு தனிக் கணக்கு. தனியாளுக்கு அறை தரத் தயங்குவார்கள். ஹரித்வாரில் ஒரு தர்மசாலையில் அரைகுறை காலியாக இருந்தும், "அகேலே?" (தனியாகவா?) என்று கேட்டுவிட்டு லெட்ஜரை மூடிவிட்டார் குமாஸ்தா. வெளிநாட்டு நண்பர் கூட வந்தால் இன்னும் சிக்கல். வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டுமே என்று பலர் கைவிரிப்பார்கள். இந்த இரண்டு விஷயத்திலும் ஹாஸ்டல்தான் நிம்மதி.

காசியில் நம்மவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம். பூரி-கச்சோரி அலுத்த நாக்குக்கு நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தனியாகப் போகும் பெண்களுக்கு எது சரி என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது; போய்வந்த தோழிகளில் பாதிப் பேர் ஹாஸ்டலின் பெண்கள் டார்ம் என்கிறார்கள், மீதிப் பேர் குருத்வாரா என்கிறார்கள். லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டே ஒரே ஊரில் வாரக்கணக்கில் இருப்பவர்கள், ஜெய்சல்மேர், கசோல் மாதிரி ஊர்களுக்குக் கூட்டாளி தேடிப் போகிறவர்கள் யோசிக்காமல் ஹாஸ்டல் போடலாம். அமிர்தசரஸ், டெல்லி, மணிகரண் மூன்றுக்கும் நான் புக்கிங் ஆப்பைத் திறப்பதே இல்லை.