ஏ4 கண்ணாடியும் இசைத்தட்டு உறையும்: ஒரு ஸ்கேனர் அனுபவம்

நண்பர் ஒருவர் ஓர் இண்டி ராக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு அட்டை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறார். பழைய இசைத்தட்டு உறைகளை நெருங்கிப் பார்த்து ஆராய, என்னிடம் உள்ள அதே ரக ஏ4 ஃபிளாட்பெட் ஸ்கேனர் ஒன்றை, விலை குறைந்திருக்கும் இந்த நேரத்தில் வாங்கிவிடலாமா என்று கேட்டார். வேகம், டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) முதலியவை பெட்டியின் மேலேயே இருக்கின்றன. அவற்றில் பொய் இல்லை. பல ஆண்டுகளாக இதைப் பெரும்பாலும் இந்த வேலைக்கே பயன்படுத்தி வருவதால், பெட்டியில் இல்லாததைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு அங்குல இசைத்தட்டின் உறை பக்கத்துக்கு ஏறத்தாழ 31.5 செ.மீ. இருக்கும், கண்ணாடியோ 21.6 செ.மீ.க்கு 29.7 செ.மீ. எனவே எந்த உறையையும் நான்கு துண்டுகளாக எடுத்துக் கணினியில் ஒட்ட வேண்டும். அதுவரை பொறுத்துக்கொள்ளலாம். கண்ணாடியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் விளிம்பு ஒன்று எழுந்து நிற்கிறதே, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பெரிய உறை அந்த விளிம்பின் மேல் ஏறிச் சற்றே தூக்கிக்கொள்கிறது; கண்ணாடிக்கு அடியிலேயே நெருங்கி ஓடும் சிஐஎஸ் வகைச் சென்சாரோ கண்ணாடியோடு ஒட்டிக் கிடப்பதை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். ஆகவே எந்த ஓரத்தை ஒட்ட வேண்டுமோ, அந்த ஓரமே மங்கிவிடுகிறது.

இதன் முழுக் கொடுமையும் ஜாய் டிவிஷன் குழுவின் ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ (1979) உறையில் தெரியும். பல்சர் என்னும் துடிக்கும் விண்மீன் ஒன்றின் அடுத்தடுத்த துடிப்புகளைக் கோடுகளாக அடுக்கிய வரைபடத்தைக் குழுவினர் ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் கண்டெடுத்தார்கள். வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அதைக் கறுப்பின் மேல் வெள்ளையாக மாற்றினார். முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. ஒட்டும் மென்பொருள் இரு துண்டுகளுக்கும் பொதுவான அடையாளங்களைத் தேடித்தான் பொருத்தும். வெறும் கறுப்பில் அது எதைத் தேடும்? நடுப்படத்தை மட்டும் எடுத்தால் போதாதா என்றார் நண்பர். போதாது. அத்தனை கறுப்புக்கு நடுவே படத்தை எவ்வளவு சிறிதாக நிறுத்தினார்கள் என்பதுதான் வடிவமைப்பவர் அங்கே கற்க வேண்டியது.

நியாயமாகப் பேசினால், இந்தக் கருவி காட்டுவதைக் கைப்பேசிப் படம் காட்டாது. விளக்கொளி ஒரு பக்கமாகவே சாய்ந்து விழுவதால், இரவல் பெற்ற ‘அன்னோன் ப்ளெஷர்ஸ்’ முதல் பதிப்பின் சொரசொரப்பான அட்டை, மேடு பள்ளம் தெரியும்படி திரையில் வந்து நின்றது. நியூ ஆர்டர் குழுவின் ‘பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்’ (1983) முகப்பில் சாவில் எடுத்தாண்ட, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஃபாந்தான்-லத்தூரின் ரோஜாக்களை 1200 டிபிஐயில் பார்த்தால், இதழ்கள் கலைந்து மைப்புள்ளிகளாகிவிடும். எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் விழுந்து அந்த வெளிர் சிவப்பு உண்டாயிற்று என்பதை அச்சகத்துக்காரர் அருகிலிருந்து விளக்குவதுபோல் அறியலாம். (300 டிபிஐயில் எடுத்தால் அப்புள்ளிகளே மொயரே எனும் அலையலையான வலையாகப் படத்தைக் கெடுக்கும், உயர்த்தி எடுத்துப் பிறகு சுருக்குவதே நல்லது.)

ஆனால் அந்தச் சாய்ந்த ஒளியே ஒட்டும்போது பகையாகிறது. மூடியின் கீல் ஒரு பக்கத்தை மறிப்பதால், எதிர்ப்பக்கத் துண்டுகளுக்கு உறையைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. உடனே சொரசொரப்பின் நிழல்களும் திசை மாறி, நான்கு துண்டுகளும் நான்கு அட்டைகளிலிருந்து வெட்டியெடுத்தவை போலாகிவிடுகின்றன.

இன்று காலையும் அந்தக் கறுப்பை ஒட்டித் தோற்றுவிட்டு எழுதுகிறேன்: இவ்வளவு பாராட்டிய பிறகும், நண்பர் இதை வாங்க வேண்டாம். விலை குறைந்தது விளிம்பைக் குறைக்கவில்லை. லென்ஸ் வழியே பார்க்கும் சிசிடி வகைச் சென்சார் கொண்ட ஏ3 ஸ்கேனர் பழையதாகக் கிடைத்தாலும் எடுக்கலாம்; அது மேசையை அடைக்கும், ஆனால் சற்றுத் தூக்கிய அட்டையையும் தெளிவாகப் பார்க்கும். ஏ4தான் கட்டுப்படியாகும் என்றால், கடையில் மூடியைத் திறக்கச் சொல்லி, கண்ணாடி முடிந்து பிளாஸ்டிக் தொடங்கும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்க்கட்டும். தட்டுப்பட்டால் பேரமே பேச வேண்டாம்.