செப்டிக் டேங்கா, காற்றூட்டும் தொட்டியா?

வேலை குறைவு என்று பார்த்தால் சாதாரண செப்டிக் டேங்க்தான். மோட்டார் இல்லை, கரண்ட் வேண்டாம். 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை கசடை உறிஞ்சி எடுத்தால் பெரும்பாலும் போதும். ஆனால் அது கெடுவது வெளியே தெரியாது. கசடு வழிந்து உறிஞ்சுகுழியின் மண்ணை அடைத்த பிறகுதான் கழிப்பறையில் தண்ணீர் மெதுவாக இறங்கும். அப்போது செலவு பெரிது. அடியில் தங்கிய கசடும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை எட்டினாலே லாரியைக் கூப்பிட்டுவிடுங்கள்.

காற்றூட்டும் அமைப்பு என்றால் மோட்டார் வைத்துக் கழிவுநீருக்குள் காற்றை ஊதுவது. இது கோளாறைச் சீக்கிரமே காட்டிவிடும். நன்றாக ஓடும்போது காற்று ஊதப்படும் அறையின் தண்ணீர் பழுப்பாக, மண் வாசனையோடு இருக்கும். கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. முதலில் ப்ளோயரின் (காற்று ஊதும் மோட்டார்) ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டுங்கள். அப்புறம் குழாயில் கசிவு, டிஃப்யூசரில் (காற்றைக் குமிழிகளாக விடும் பாகம்) அடைப்பு இருக்கிறதா பாருங்கள். கரண்ட் நீண்ட நேரம் போனாலும் இதே கதைதான். வெளியேறும் நீர் தெளிவாக இருப்பதால் இடம் குறைவான வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அடிக்கடி எட்டிப் பார்க்க ஆளில்லை என்றால் வேண்டாம்.

எதுவானாலும் தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும்.