பிளே ஸ்கூலில் சாப்பிடாத குழந்தை: வீட்டு டப்பாவா, பள்ளிச் சாப்பாடா?

வீட்டில் மூன்று இட்லி சாப்பிடும் பிள்ளை பிளே ஸ்கூலில் ஒரு வாய்கூட வைப்பதில்லை என்றால், எல்லோரும் உடனே சொல்வது பிடிவாதம் என்றுதான். சென்சரி சிரமம், அதாவது சத்தம், வாசனை, தொடுகை போன்ற புலன் உணர்வுகளைத் தாங்க முடியாத சிரமம் உள்ள குழந்தைக்கு அது பிடிவாதமே இல்லை. எவர்சில்வர் டப்பாக்கள் ஒரே நேரத்தில் திறக்கும் சத்தம், பக்கத்துப் பிள்ளையின் முட்டை வாசனை, விரலில் ஒட்டும் பருக்கை, துடைத்த தரையின் பினாயில் நெடி எதுவும் நமக்குப் பெரிதாகத் தெரியாது. அந்தக் குழந்தையால் இதில் ஒன்றைக்கூட ஒதுக்கிவைக்க முடியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம். மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 கையேடு இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளிடமும் பார்க்கலாம்.

பல வருடமாக ப்ரீ கேஜி பிள்ளைகளோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்கிறேன். பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது டப்பாவைப் பற்றித்தான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பள்ளிச் சாப்பாட்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்லோர் தட்டிலும் ஒன்றே இருந்தால் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சாப்பிடுவார்கள். அங்கன்வாடியில் 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம் என்று கணக்கு வைத்துத்தான் உணவு தருகிறார்கள். பல வீடுகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் கலவை சாதம் இந்தக் குழந்தைக்குக் கடினமான உணவு. ஒரு வாயில் கடுகு, அடுத்த வாயில் கறிவேப்பிலை, அதற்கடுத்து தக்காளித் தோல். எந்தக் கவளத்தில் என்ன வரும் என்று தெரியாததுதான் சிக்கல். பிஸ்கட் மட்டும் கேட்கும் பிள்ளைகள் ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பதும் இதில் புரியும். ஒரு பிஸ்கட் மாதிரியே அடுத்த பிஸ்கட்டும் இருக்கும்.

வீட்டு டப்பாவில் அந்த நிச்சயம் உண்டு. ஆனால் டப்பாவுக்குள்ளும் உணவு மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காலை எட்டு மணிக்கு மொறுமொறுப்பாக இருந்த தோசை, மூடிக்குள் வியர்த்து, பன்னிரண்டு மணிக்கு ஈரத் தோல் மாதிரி ஆகிவிடும். தயிர்சாதம் புளித்துவிடும். நமக்கு அது அதே தோசை, குழந்தைக்கு அது வேறு பொருள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே டப்பாவில் கட்டி வைத்து, மதியம் வீட்டிலேயே திறந்து கொடுத்துப் பாருங்கள். அங்கே சாப்பிட்டால் பள்ளியிலும் சாப்பிட வாய்ப்பு உண்டு. பொடி தடவாத இட்லி, ஒட்டாமல் உதிராக வடித்த சாதம், துண்டு போட்ட சப்பாத்தி எல்லாம் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

என் கட்சி, முதலில் வீட்டு டப்பா. பள்ளிச் சாப்பாட்டில் ஒரு கரண்டியைத் தனிக் கிண்ணத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், தொட வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். டப்பா கட்ட வசதி இல்லாத அங்கன்வாடிப் பிள்ளைக்கு, முட்டையைச் சாதத்தின் மேல் வைக்காமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள். வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்தால் இன்னும் நல்லது. வெள்ளை வழுவழுப்பாக இருக்கும், மஞ்சள் மாவு மாதிரி இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் விரும்பும் பிள்ளைகள் நிறைய.

"எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான், வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது" என்று சொல்லும் இடங்களும் உண்டு. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம் உட்பட 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் அந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ப நியாயமான மாற்றங்கள் செய்துதர வேண்டும் என்கிறது. டப்பா கொண்டுவர அனுமதி கேட்பதைத் தயவு கேட்பதுபோலக் கூச்சப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, எங்கே உட்கார வைப்பது. தனி அறையில் அமைதி கிடைக்கும், ஆனால் அங்கே மற்ற பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்க வழியில்லை, தண்டனை மாதிரியும் ஆகிவிடும். நடு வரிசையில் உட்கார வைத்தால் சத்தமும் இடிபடுவதும் தாங்காது. சுவரை ஒட்டிய கடைசி இடம், முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாமல், கை கழுவும் இடத்திலிருந்து தள்ளி. மற்றவர்களைவிட ஐந்து நிமிடம் முன்பே இந்தக் குழந்தைக்கு டப்பாவைத் திறந்துகொடுத்துவிட்டால், சத்தம் ஏறுவதற்குள் பாதிச் சாப்பாடு முடிந்துவிடும். நாற்காலி என்றால் கால் தொங்கக் கூடாது, அடியில் ஒரு பலகையாவது வையுங்கள். உடம்பு நிலையாக இல்லாத குழந்தை, விழாமல் உட்காருவதிலேயே கவனத்தைச் செலவழித்துவிடும்.

ஊட்டிவிடுவதா, தானே சாப்பிட விடுவதா என்பதில்தான் எனக்கும் பெற்றோருக்கும் அடிக்கடி வாக்குவாதம். ஆயாம்மா ஊட்டினால் டப்பா காலியாக வீடு திரும்பும், அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் மூன்று மணிக்குப் பார்த்தால் கன்னத்துக்குள் சாதம் அப்படியே அடைந்திருக்கும். அடுத்த நாள் டப்பா மூடியைப் பார்த்ததுமே ஓங்கரிப்பு. செல்போன் காட்டி ஊட்டினால் அழுகை இருக்காது, ஆனால் குழந்தைக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம், எப்போது வயிறு நிறைந்தது என்பதே தெரியாமல் போய்விடும். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. பாதி டப்பா திரும்பி வந்தாலும் நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். கை பிசுபிசுப்பு பிடிக்காவிட்டால் ஸ்பூனும் ஈரத் துணியும் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்பூன் பிடிக்கத் திணறும் பிள்ளைக்கு ஸ்பூனில் எடுத்து எட்டும் இடத்தில் வைக்கலாம், வாய்க்குள் திணிக்க வேண்டாம்.

காய்கறி உள்ளே போக இரண்டு வழி சொல்கிறார்கள். பீட்ரூட்டை அரைத்து தோசை மாவில் கலப்பது ஒன்று. இதில் எனக்குச் சம்மதமே இல்லை. கண்டுபிடித்துவிட்டால் அந்தக் குழந்தை நம்பிச் சாப்பிட்ட ஒரே தோசையும் போய்விடும். மற்றது, ஃபுட் செயினிங். சாதா தோசையிலிருந்து நெய் தோசை, அப்புறம் கொஞ்சம் தடிமனான கல்தோசை, அப்புறம் ஓரத்தில் மட்டும் கேரட் துருவல் தெரியும் ஊத்தப்பம் என்று ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். குழந்தை பார்க்கும்படி செய்ய வேண்டும். இதை வீட்டில், பசி அதிகமில்லாத மாலை நேரத்தில் செய்யுங்கள். பள்ளி டப்பாவில் சோதனை வேண்டாம். சாதாரணமாகச் சாப்பிடும் பிள்ளைகளுக்கே ஒரு புதிய உணவு பழக 8 முதல் 15 முறை கண்ணில் படவேண்டியிருக்கும், இவர்களுக்கு இன்னும் கூடுதலாகும்.

எடை குறைவது, விழுங்கும்போது இருமுவது, சாப்பிடும் உணவுகள் குறைந்துகொண்டே போவது, தீராத மலச்சிக்கல் என்று இருந்தால் டப்பாவை மாற்றிப் பயனில்லை, குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அரசு நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருடத்தில் இரண்டு முறை வந்து பரிசோதிக்கும். தேவைப்பட்டால் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், அங்கே சிகிச்சை இலவசம். போகும்போது, ஒரு வாரம் டப்பாவில் என்ன போனது, எவ்வளவு திரும்பியது என்று மிஸ்ஸை எழுதித்தரச் சொல்லி அந்தத் தாளையும் எடுத்துப்போங்கள். மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கும்.