அடபலீனா, ட்ரெட்டினாயினா? பரு ஜெல்கள் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு முகங்களில் செய்தது

பொங்கல் லீவுக்கு வந்த அக்கா மகள், பையைக்கூடத் திறக்காமல் இரண்டு ட்யூபை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒன்று, கோவையில் தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த அடபலீன் ஜெல். இன்னொன்று ஹாஸ்டல் தோழி கொடுத்துவிட்ட ட்ரெட்டினாயின் க்ரீம், பாதி பிதுக்கியது.

"சித்தி, டாக்டர் குடுத்ததைப் போட்டு மூணு வாரம் ஆச்சு. இருந்ததைவிட ஜாஸ்தியாயிடுச்சு. அவளுக்கு இதைப் போட்டு ரெண்டே மாசத்துல முகம் தெளிஞ்சிடுச்சு. நானும் மாறிடட்டுமா?"

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாக, தாடையில் சீழ் கோத்தது நாலைந்து, மூக்கோரத்தில் தோல் வெள்ளையாக உரிந்து நின்றது. பதினாலு வயதிலிருந்து முப்பது வரை இந்த மருந்துகளை ஒவ்வொன்றாக முகத்தில் போட்டுப் பார்த்தவள் நான். நான் டாக்டர் இல்லை; எதை எழுதுவது என்பது அவர்கள் வேலை. ஆனால் சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு கண்ணாடி முன்னால் நடப்பது போட்டவர்களுக்குத்தான் தெரியும். அவளிடம் அன்று சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அவள் கொண்டுவந்த இரண்டும் ஒரே குடும்பம்தான், ரெட்டினாய்டு. வைட்டமின் ஏ-யின் உறவு. மயிர்க்கால் துவாரத்துக்குள் செத்த செல்கள் உதிராமல் எண்ணெயோடு சேர்ந்து அடைத்துக்கொள்வதில்தான் பரு தொடங்குகிறது. அந்த அடைப்பு உருவாகாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. கண்ணுக்குத் தெரியும் பருவுக்குப் பல வாரம் முன்பே உள்ளே அடைப்பு விழுந்திருக்கும். ரெட்டினாய்டு போட ஆரம்பித்ததும் அப்படி உள்ளே இருந்ததெல்லாம் சிலருக்குச் சீக்கிரமாக மேலே கிளம்பி வரும். இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை முகம் மோசமாகத் தெரிவது இதனால்தான். நாலாவது வாரத்தில் ட்யூபைத் தூக்கிப் போட்டவர் "இதைப் போட்டுத்தான் என் முகமே கெட்டது" என்பார். பன்னிரண்டாவது வாரம் வரை பொறுத்தவர் அதே மருந்தைக் கையெடுத்துக் கும்பிடுவார். இரண்டு பேரும் சொல்வது உண்மை.

ட்ரெட்டினாயின் மூத்தது. அமெரிக்காவில் 1971-ல் பருவுக்கு அனுமதி பெற்றது. அதை வளர்த்தெடுத்த தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன், ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் பரிசோதனைகள் நடத்தியவர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதற்காக அவருடைய பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021-ல் மன்னிப்புக் கேட்டது. அந்த ட்யூபைக் கையில் எடுக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அடபலீன் 1996-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 2016-ல் அதன் 0.1 சதவீத ஜெல்லை அங்கே சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்தார்கள். நம் ஊரில் டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும். ட்ரெட்டினாயின் வெயில் பட்டால் சிதையும், அதனால் இரவில் மட்டும்தான். அடபலீன் வெளிச்சத்தைத் தாங்கும். கிருமியைக் கொல்லும் இன்னொரு பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடோடு சேர்ந்தாலும் கெடாது. பழைய ட்ரெட்டினாயின் அதனோடு சேர்ந்தால் வீரியம் இழக்கும். 1998-ல் ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 900 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தபோது 0.1 சதவீத அடபலீனும் 0.025 சதவீத ட்ரெட்டினாயினும் பருவைக் குறைப்பதில் சமமாகவே நின்றன. எரிச்சல் அடபலீனில் குறைவு.

என் ரெட்டினாய்டு கதை ட்ரெட்டினாயினில் ஆரம்பித்தது. பத்தொன்பது வயது, 0.05 சதவீதம். "ராத்திரி போடணும்" என்பது மட்டும்தான் காதில் விழுந்திருந்தது. முதல் நாளிலிருந்தே தினமும், முகம் முழுக்க, பவுடர் பூசுகிற மாதிரி அப்பினேன். எட்டாம் நாள் மெஸ்ஸில் சாப்பிடும்போது மிளகு ரசம் உதட்டோரத்தில் பட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் வாயின் இரண்டு ஓரமும் மெல்லிசாகப் பிளந்திருந்தது.

மூன்றாவது மாதம் பரு குறைந்தது, நன்றாகவே குறைந்தது. ஆனால் வாயைச் சுற்றித் தோல் உரிந்த இடமெல்லாம் சாம்பல் படிந்த மாதிரி கறுத்து, அது மறைய இன்னும் ஐந்து மாதம் ஆனது. வெள்ளைத் தோலில் எரிச்சல் சிவப்பாக வந்து போய்விடும். மாநிறத்திலும் கறுப்பிலும் எரிச்சல் போன பிறகு கருமை தங்கிவிடுகிறது. பரு தானாக விட்டுப்போகும் கருந்திட்டோடு மருந்து உண்டாக்கிய கருமையும் சேர்ந்துகொள்ளும். பருவை வேகமாக விரட்டுவது எது என்று கேட்டு நான் தவறினேன். நம் தோலுக்கு முதலில் பார்க்க வேண்டியது, எது குறைவாக எரிக்கும் என்பதைத்தான். அதனால் இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு அடபலீனுக்கு. ட்ரெட்டினாயின் மட்டம் என்று சொல்ல மாட்டேன்; வெள்ளைத்தலை, கரும்புள்ளி (வொயிட்ஹெட், பிளாக்ஹெட்) அதிகமுள்ள எண்ணெய் வழியும் முகத்தில் அது 0.025-ல் பிரமாதமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முதல் ட்யூபாக அதை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை.

எதை எடுத்தாலும் போடும் முறைதான் பாதி மருந்து. முகம் கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் சேர்த்துப் பட்டாணி அளவு. பரு மேல் மட்டும் புள்ளி வைப்பதில் பலனில்லை, அடுத்த பரு பக்கத்தில் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றிலும் முன்கூட்டியே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் மருந்து அங்கே வழியாது. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று இரவு போதும். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர் தடவி, அதன் மேல் மருந்தைப் போடலாம். 15 கிராம் ட்யூப் ஒரு மாதத்துக்கு மேலாவது வரணும். பத்து நாளில் தீர்ந்தால் அள்ளிப் பூசுகிறோம் என்று அர்த்தம். காலையில் சன்ஸ்கிரீன் போடாதவர்கள் ரெட்டினாய்டைத் தொடவே கூடாது, கருமை ஆழமாகும்.

பென்சாயில் பெராக்சைடு வேறு ரகம். அடைப்பை விட்டுவிட்டுக் கிருமியிடம் நேராகப் போகும். ஆக்சிஜனேற்றத்தால் கொல்வதால் அதை எதிர்த்து நிற்கக் கிருமி பழகிக்கொள்வதில்லை. என் தம்பிக்கு முதுகிலும் நெஞ்சிலும் சீழ்ப்பருவாக இருந்தது; அவனுக்கு இதுதான் கைகொடுத்தது, மூன்றாவது வாரமே வித்தியாசம் தெரிந்தது. வீட்டில் நடந்த சண்டையும் இதனால்தான். அம்மாவின் மெரூன் நிறத் தலையணை உறையில் கன்னம் படும் இடம் மட்டும் ஆரஞ்சாக வெளுத்திருந்தது. பிறகு கரும்பச்சைத் துண்டு, பிறகு அவனுடைய கருப்புச் சட்டையின் காலர். சோப்புத்தூளை மாற்றிப் பார்த்தார்கள், துவைக்கிற அக்காவைத் திட்டினார்கள். துணியின் சாயத்தை இந்த மருந்து வெளுக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை, முடிந்தது பிரச்சினை.

இதில் சதவீதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2.5-ம் 10-ம் சீழ்ப்பருவில் கிட்டத்தட்ட ஒரே பலன் தந்ததாக 1986-லேயே ஆய்வு வந்துவிட்டது. கூடுவது வறட்சியும் எரிச்சலும்தான். இன்னொன்று, சூட்டில் இது, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீனாகச் சிதையக்கூடும். 2024-ல் அமெரிக்காவில் இதைப் பற்றிப் பெரிய கவலை எழுந்து, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 95 தயாரிப்புகளைச் சோதித்தது. மிகப் பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை அல்லது மிகச் சொற்பம். சிலவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். நம் மே மாத வெயிலில் ஸ்கூட்டி சீட்டுக்கடியிலும் ஜன்னல் திண்டிலும் ட்யூபை வைக்காதீர்கள்.

கிளிண்டாமைசின் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் தனியாக அதைப் போடவே கூடாது. அது ஆன்டிபயாட்டிக். எரியாது, உரியாது, இரண்டு வாரத்தில் பரு அமுங்கும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். என் ஆபீஸ் தோழி ஒருத்தி அமுங்கியதும் நிறுத்துவாள், வந்ததும் போடுவாள். மூன்றாவது ட்யூபில் அது ஒன்றுமே செய்யவில்லை, கிருமி பழகிவிட்டது. 2024-ல் வந்த அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதலும் ஆன்டிபயாட்டிக் களிம்பைத் தனித்து எழுத வேண்டாம் என்றுதான் சொல்கிறது. பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து, குறிப்பிட்ட காலத்துக்கு என்றால் நல்ல மருந்து.

குழந்தைக்குத் திட்டமிட்டபோது டாக்டர் ரெட்டினாய்டை நிறுத்தச் சொன்னார். கர்ப்ப காலத்தில் தோலில் போடும் ரெட்டினாய்டும் வேண்டாம் என்பது பொதுவான நடைமுறை. அப்போது என் கைக்கு வந்தது அசெலாயிக் ஆசிட். கோதுமை, பார்லியில் இயற்கையாகவே உள்ள பொருள், கர்ப்பிணிகளுக்கும் எழுதுகிறார்கள். முதல் பத்து நாள் போட்டவுடன் எறும்பு ஊர்வது போல நமைச்சல், பத்து நிமிடத்தில் அடங்கும். பருவைக் குறைப்பதில் நிதானம், மிகவும் நிதானம். ஆனால் மற்ற ட்யூப்கள் செய்யாத ஒன்றை இது செய்தது: கன்னத்தில் இரண்டு வருடமாக இருந்த கருந்திட்டுகள் நாலாவது மாதம் மங்கின. நிறமி உண்டாவதையும் இது மட்டுப்படுத்தும். கருந்திட்டுதான் பெரிய கவலை என்பவர்கள் டாக்டரிடம் இதைப் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

இந்த வரிசையில் சேராத ஒரு ட்யூபைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இருபத்தொரு வயதில், கல்யாணத்துக்குப் போக நாலு நாள் இருக்கும்போது, ஒரு மெடிக்கல் ஷாப்பில் "பருவுக்கு ஏதாவது குடுங்கண்ணா" என்றேன். சீட்டு கேட்கவில்லை, ஒரு க்ரீமை எடுத்துக் கொடுத்தார். மூன்றே நாளில் முகம் பளபளத்தது. இரண்டு மாதம் போட்டேன். நிறுத்திய வாரத்தில் முகம் முழுக்க ஒரே அளவில் பொடிப் பருக்கள், வெயிலில் நின்றால் தீயாக எரிச்சல். ஸ்டீராய்டு கலந்த க்ரீம் அது. பரு மருந்தே இல்லை. 2018-ல் ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை இறுக்கியது. இன்றும் கேட்டால் கிடைக்கிற கடைகள் இருக்கின்றன. எவ்வளவு அவசரமானாலும் வாங்காதீர்கள். அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த ஜெல்லும் போதாத முகமும் உண்டு. அழுத்தினால் உள்ளே கோலிக்குண்டு மாதிரி வலிக்கும் கட்டிகள், குழி விழும் தழும்புகள், தாடைப் பருவோடு மாதவிடாய் தள்ளிப்போவது இதிலெல்லாம் ட்யூபை மாற்றிக்கொண்டு மாதங்களை விட வேண்டாம். உள்ளுக்கு மருந்து தேவைப்படும். விழுந்த குழியை நிரப்புவது பருவை ஆற்றுவதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

அக்கா மகளிடம், தோழிக்கு போன் போட்டு எப்படிப் போட்டாள் என்று கேட்கச் சொன்னேன். 0.025 சதவீதம், வாரத்துக்கு மூன்று இரவு, மேலே மாய்ஸ்சரைசர். இவளோ அடபலீனை முதல் இரவிலிருந்தே தினமும், கழுவிய ஈரத்தோடு, இரண்டு முறை பிதுக்கிப் போட்டிருக்கிறாள். காலையில் வால்நட் ஸ்க்ரப் வைத்துத் தேய்த்தும் இருக்கிறாள். ஸ்க்ரப்பை அன்றைக்கே நிறுத்தினோம். நாலு நாள் மருந்தே இல்லாமல் வெறும் மாய்ஸ்சரைசர், பிறகு அதே அடபலீன், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தாடைச் சீழ்ப்பருவுக்குக் காலையில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள், சரி என்றார்.

போன வாரம் பேசினாள். பதினோராவது வாரம். "நெத்தியத் தடவினா வழவழன்னு இருக்கு சித்தி. தாடையில ரெண்டு இன்னும் இருக்கு. பழைய கறுப்பு அப்படியேதான் இருக்கு." அது போக இன்னும் சில மாதம் ஆகும் என்று சொன்னேன். தோழியின் ட்யூபை மூடியை இறுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.