செந்தூலில் பெண்களுக்கான பூப்பந்து வகுப்பு: சூசி சுசாந்தியின் ஆட்டத்தைச் சொல்லித் தரும் கோச்

கோலாலம்பூரின் செந்தூலில் சனிக்கிழமை காலையில் பெண்களுக்கென்று ஒரு பூப்பந்து (பேட்மிண்டன்) வகுப்பு நடக்கிறது. சேர்ந்திருப்பவர்களில் முப்பது வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். எப்படி இருக்கிறது என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கோச்சுக்காகவே போகலாம். ஈப்போவிலிருந்து வந்த சீனப் பெண்மணி, வயது ஐம்பதுக்கு மேல். பாடம் நடத்துவது மலாயில். நம் பெண்களோடு பழகிப் பழகி "பின்னால போ, பின்னால போ" என்பது மட்டும் சுத்தமான தமிழில் வரும். கையில் இருப்பது பழைய அஸ்டெக் ரேக்கெட். அந்தப் பிராண்டைத் தொடங்கியவர்கள் இந்தோனேசியாவின் பழைய பூப்பந்து வீராங்கனை சூசி சுசாந்தியும் அவருடைய கணவர் அலான் புடிகுசுமாவும். கோச் தரும் பயிற்சியில் முக்கால்வாசி அந்தச் சூசியின் ஆட்டத்திலிருந்து எடுத்ததுதான்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சூசி மேற்கு ஜாவாவின் தாசிக்மலாயாவில் 1971இல் பிறந்தவர். பூப்பந்து முதன்முறையாகப் பதக்க விளையாட்டானது 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில். அங்கே பெண்கள் ஒற்றையர் தங்கம் அவருக்கு. இந்தோனேசியா ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் தங்கமும் அதுவே. அதே நாளில் ஆண்கள் ஒற்றையர் தங்கத்தை அலான் வாங்கினார். நம் நாட்டில் அந்த ஒலிம்பிக் என்றாலே ரசிஃப், ஜலானி சீடேக் அண்ணன் தம்பி வாங்கிய வெண்கலம்தான் பேச்சு; மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம், பேசத்தானே செய்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் என் மனதில் நின்றவர் சூசி. அப்போது எனக்குப் பதினோரு வயது. ஒரு பெண் அவ்வளவு நேரம் ஓடியும் முகம் வாடாமல் நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சரி, வகுப்புக்கு வருவோம். முதல் மாதம் ஸ்மாஷ், அதாவது ஓங்கிக் கீழ்நோக்கி அடிப்பது, கிடையாது. அடிக்கத்தானே வந்தோம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. கோச் அசைந்துகொடுக்க மாட்டார். ஷட்டிலே இல்லாமல் கோர்ட்டின் ஓரங்களில் ஆறு இடங்களுக்கும் ஓடித் தொட்டுவிட்டு நடுவுக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் லோப். பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்கு, சற்று முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவார். நாம் தூக்கி அடிக்கும் ஷட்டில் அதைத் தாண்டி, கோட்டுக்குள்ளேயே விழ வேண்டும். நாற்காலிக்கு முன்னால் விழுந்தால் கணக்கில் சேராது. இது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு காலைப்பொழுது வந்து பார்க்கலாம்.

இடைவேளையில் டேப்லெட்டை தண்ணீர் போத்தலில் சாய்த்து வைத்து பார்சலோனா இறுதி ஆட்டத்தைப் போடுவார். தென் கொரியாவின் பாங் சூ ஹியுன் முதல் கேமை 11-5 என்று எடுத்துவிடுகிறார். அடுத்த இரண்டும் 11-5, 11-3 என்று சூசிக்கு. இடையில் என்ன மாறியது என்பதைக் கோச் காட்டும் விதம்தான் இந்த வகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஷட்டிலைப் பார்க்கக் கூடாது, சூசியின் காலை மட்டும் பார்க்க வேண்டும் என்பார். பாங் அடிக்கும் நொடியில் படத்தை நிறுத்துவார். சூசி ஏற்கெனவே நடுவில் வந்து நிற்பார். குதிகால் லேசாகத் தூக்கியிருக்கும், ரேக்கெட் இடுப்புக்கு மேலே இருக்கும். மறுபடி ஓடவிட்டு, மறுபடி நிறுத்தினாலும் அதே இடம், அதே நிலை. உயரத்தில் பாங்தான் கூடுதல். அவரை ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்குமாக ஓடவிட்டு, பின்கோட்டுக்கு உயர உயரத் தூக்கி, அவர் அடி தளரும்வரை காத்திருக்கிறார் சூசி. தொலைக்காட்சியில் எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்க்க யாரும் எனக்குக் கற்றுத் தந்ததில்லை.

கால்களை அகல விரித்து, தரையோடு தரையாக இறங்கி ஷட்டிலை எடுக்கும் சூசியின் பெயர்போன வித்தையை மட்டும் யாரும் முயலக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொடை நரம்பு பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நம் வயதுக்கு ஏற்ற நீட்டலைத்தான் பழக்குகிறார். இந்த அக்கறை எல்லாக் கோச்சிடமும் இருக்காது.

தோற்றுக்கொண்டிருக்கும்போது யாராவது சோர்ந்துவிட்டால் உடனே 1989 சுடிர்மான் கிண்ணக் கதை வந்துவிடும். ஆண்களும் பெண்களும் சேர்ந்த நாட்டு அணிகள் ஐந்து ஆட்டங்களில் மோதும் உலகப் போட்டி அது. முதல் சுடிர்மான் கிண்ணம், ஜகார்த்தாவில், இறுதிச் சுற்று. தென் கொரியாவிடம் இந்தோனேசியா 0-2 என்று பின்தங்கியிருக்கிறது. பதினெட்டு வயது சூசி, லீ யங் சுக்கிடம் முதல் கேமை 10-12 என்று இழக்கிறார். அடுத்தது 12-10, கடைசி 11-0. அங்கிருந்து திரும்பி இந்தோனேசியா 3-2 என்று கிண்ணத்தையே வென்றது. அந்த 11-0ஐச் சொல்லும்போதெல்லாம் கோச் மேசையைத் தட்டுவார். பிறகு வந்த நான்கு ஆல் இங்கிலாந்து பட்டங்களும் 1993இல் பர்மிங்காமில் வென்ற உலகப் பட்டமும் கோச்சுக்கு இரண்டாம்பட்சம்தான். அந்த உலகப் பட்ட இறுதியிலும் எதிரில் அதே பாங். அதிலும் முதல் கேமை விட்டுவிட்டுத்தான் சூசி ஜெயித்தார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. சூசியும் அலானும் சீன வம்சாவளியினர். நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்த அந்த இரண்டு பேருமே குடியுரிமைச் சான்றுக்காக அலைய வேண்டியிருந்தது. இங்கேயே பிறந்தும், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வலி புரியும்.

குறைகளுக்கு வருகிறேன். சூசி ஆடிய காலத்தில் சர்வ் போடுபவருக்கு மட்டும்தான் புள்ளி, பெண்களுக்கு ஒரு கேம் 11. 2006 முதல் 21 புள்ளி, யார் ராலியை ஜெயித்தாலும் புள்ளி. காத்திருந்து ஆடும்போது செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் இப்போது விலை அதிகம். கோச்சிடம் கேட்டேன். கோர்ட்டின் நீளம் அன்றும் இன்றும் 13.4 மீட்டர்தான், ஓடத் தெரியாமல் எந்தப் புள்ளி முறையிலும் ஆட முடியாது என்றார். அது சரிதான். ஆனாலும் நெட் ஓரத்து ஆட்டத்துக்கு இன்னும் நேரம் ஒதுக்கலாம். இரட்டையர் பயிற்சி சுத்தமாகப் போதாது; வேலை முடிந்து தோழிகளோடு ஆடும் நம்மில் பெரும்பாலோர் ஆடுவது இரட்டையர்தானே. இதைக் கோச் அவசியம் கவனிக்க வேண்டும்.

மண்டபம் சுமார்தான். பச்சை விரிப்பு நன்றாக இருக்கிறது, கால் வழுக்காது. பத்து மணிக்கு மேல் உள்ளே வெந்து போகும். சுவரோரக் கோர்ட்டில் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும்; லோப் பழகும்போது அது பெரிய தொல்லை, சீக்கிரம் போய் நடுக் கோர்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஒரு வகுப்புக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), பயிற்சி ஷட்டில் அதிலேயே அடக்கம். ரேக்கெட் இரவல் கிடைக்கும். சப்பாத்து மட்டும் பூப்பந்துக்கென்று உள்ளதை வாங்கிவிடுங்கள். ஓட்டத்துக்கான சப்பாத்தில் பக்கவாட்டில் திரும்பினால் கணுக்கால் பிசகும்.

பெண் பிள்ளைகளுக்கும் தனி வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். மலேசிய ஆட்டக்காரர்களான நம் கிசோனாவையும் தீனா முரளிதரனையும் பார்த்துவிட்டு மகளுக்கு ரேக்கெட் வாங்கித் தந்த பெற்றோர் நம்மிடையே நிறைய. அவர்கள் தயங்காமல் சேர்க்கலாம். பிள்ளை வீட்டுக்கு வந்து இன்னும் ஸ்மாஷே சொல்லித் தரவில்லை என்று அழுதால் கோச்சிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மூன்று மாதமாவது விட்டுப் பாருங்கள். அந்த வகுப்பு ஞாயிறு காலை எட்டரைக்கு. இடம் குறைவு, மண்டபக் கவுண்டரில் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும்.