ஓய்வுக்குக் கிட்ட வந்தபிறகு தனியாக வீட்டுக் கடன் எடுக்கிறவர்கள் கவனம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கிற ஒரு பைனான்ஸ் கொம்பனியில் 2021இல் பத்து லட்சம் ரூபா வீட்டுக் கடன் எடுத்தேன். முறைப்பாடு நடப்பதால் பெயர் போடவில்லை. அப்போது எனக்கு 53 வயது, வீட்டில் சம்பளம் என்னுடையது மட்டும்தான். இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த 5,50,000 ரூபாவோடு கட்டிய வீட்டுக்கு ஒரு அறையும் உள்ளே குளியலறையும் சேர்க்க வேண்டியிருந்தது. காணி உறுதியை ஈடு வைத்தேன்.

போன உடனே கேட்டது, "ஆம்பிளைப் பிள்ளையள் ஆரும் கையெழுத்து வைக்க இல்லையோ?" என்றுதான். பிறகு 60 வயதுக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று 7 வருடத்துக்குள் அடக்கிவிட்டார்கள். அதையாவது விளங்கிக்கொள்ளலாம். வட்டி 13 வீதம், மாதம் 18,200 ரூபா, "கடைசி மட்டும் இதுதான் அக்கா, யோசிக்காதேங்கோ" என்று அந்த அலுவலர் சொன்னார். ஆனால் அவர் நீட்டிய பத்திரம் முழுக்க ஆங்கிலம், அதில் வட்டியைக் கொம்பனி எப்போதும் மாற்றலாம் என்று இருந்திருக்கிறது. தமிழ்ப் பிரதி கேட்டதற்கு "பிறகு தாறம்" என்றார்கள், இன்றுவரை தரவில்லை.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை (மற்ற வங்கி, பைனான்ஸ் வட்டிகள் இதைப் பின்பற்றித்தான் ஏறி இறங்கும்) ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியதே, அதற்குப் பின்னால் எனக்கும் கடிதம் வந்தது: வட்டி 25 வீதம், தவணை 24,400. அரிசியும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் சனம் வரிசையில் நின்ற காலம், பங்கு போட வீட்டில் இன்னொரு சம்பளமும் இல்லை. சரி, நாடே அப்படித்தான் என்று கட்டினேன். எனக்கு ஆறாத கோபம் அடுத்ததில்தான். 2023 ஜூனிலிருந்து மத்திய வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்தும் என் தவணை ஒரு ரூபாகூட இறங்கவில்லை, கேட்கப் போனால் கொழும்பைக் கேட்க வேண்டும் என்று அனுப்பிவிடுவார்கள்.

கடன் எடுத்தவர் இடையில் இறந்தால் கடனை அடைக்கிற ஆயுள் காப்புறுதிக்கான காசையும் கடனோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள், அதாவது கையில் வராத காசுக்கும் வட்டி கட்டியிருக்கிறேன். வயது கூடக் கூட அந்தக் காப்புறுதிக் காசும் கூடும், அதனால் எவ்வளவு என்று தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் ஊழியர் சேமலாப நிதியில் இருந்த காசை எடுத்துக் கடனைக் குறைக்கப் போனேன், நேரத்துக்கு முதல் கட்டுவதற்கும் ஒரு கட்டணம் வெட்டினார்கள்.

வட்டி நிலையானதா மாறுவதா, மாறினால் எதை வைத்து ஏறும், எதை வைத்து இறங்கும், முன்கூட்டிக் கட்டினால் எவ்வளவு வெட்டுவார்கள், இவ்வளவும் தமிழில் எழுத்தில் வந்தபிறகு கையெழுத்து வையுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆணோ பெண்ணோ பரவாயில்லை.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் முதலில் கொம்பனிக்கு எழுத்தில் முறையிட்டுப் பிரதியை வைத்திருங்கள், பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் 1935க்கு அழையுங்கள். அவர்களுடைய பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. நான் எழுதிய முறைப்பாட்டுக் கடிதம் தமிழில்தான் இருக்கிறது, மாதிரிக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பிவிடுகிறேன்.